இரண்டாவது வட்டம்

சலவைக்கடைப் பெரியவருக்கு ஊர் வைத்த பெயர் "ரெட்டை வட்டம்". முகத்துக்கு நேரே சொல்ல ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது. அவர் தெருமுனை திரும்பும்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். பெரியவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர் போலத்தான் நடப்பார். ஆனால் நாற்பத்திரண்டு வருஷமாக அந்தப் பெயரில் பாதி அவர் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. முதல் வட்டம் அவருடையது. அதை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. இரண்டாவது வட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரியாத ஒன்று துணியில் இருக்க முடியும் என்பதையே பொறுத்துக்கொள்ளாத மனிதர் அவர்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இன்றைக்கு மூன்று கடை, பதினொரு ஆள், துணி ஏற்றி இறக்க ஒரு வண்டி. எல்லாம் இரண்டு கையால் சம்பாதித்தது. கடையின் பின்கட்டில் பெரிய பெரிய இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பொத்தானை அமுக்கறதுக்கு ஆளா வேணும்? குரங்கு போதும்" என்பார். அவருடைய சிம்மாசனம் சன்னலோரத்தில் இருக்கும் கறைமேசை. இடுப்பளவு உயரம், முழங்கை அகலம். மேலே ஒரு விளக்கு, பக்கத்தில் நீராவிக் குழல், மழுங்கிய எலும்புக் கத்தி, மெல்லிய தூரிகை, அடியில் வைக்க வெள்ளைப் பருத்தித் துணிகள். அவ்வளவுதான். அந்த மேசையில் அவரைத் தவிர வேறொருவர் கை வைத்தால் அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

துணியில் ஏதாவது சிந்தினால் உடனே கைக்குட்டையை நனைத்துத் தேய்க்கிறார்களே, அந்த ஜாதியைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். "தேய்க்கறவனெல்லாம் கறை எடுக்கறவன்னா, கழுதைகூடத்தான் தினமும் சுவத்துல முதுகைத் தேய்க்குது" என்று வாடிக்கையாளரின் காது கேட்கவே சொல்வார். அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வேறு கதியில்லை. மற்ற கடைகளில் கொடுத்துக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர்.

ஒருமுறை சோப்புக் கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பட்டதாரி வந்தார். புது மருந்து விற்க வந்தவர். எண்ணெய் படிந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தார். சொட்டு முத்தாக நின்றது. "இது மேற்பரப்பு இழுவிசை ஐயா. தண்ணிக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் மாதிரி. நம்ம மருந்து அதைத் தளர்த்தும்" என்றார். பிறகு துணியின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக் காட்டி, "இது மேல ஏறுது பாருங்க, இதுக்கு நுண்புழை ஏற்றம்னு பேரு" என்றார். பெரியவர் கொட்டாவி விட்டார்.

"பெத்தவ ஒருத்தி, பேர் வைக்கறவன் ஒருத்தனா? இதுக்கு எத்தனை வருஷம் படிச்சீங்க தம்பி?"

"நாலு வருஷம் ஐயா."

"நான் ஒரு ராத்திரி ஒரு வாளியைப் பார்த்தேன். போய்ட்டு வாங்க."

அந்த வாளிக்கு முன்னால் ஒரு கோட்டு இருக்கிறது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. கல்யாணமாகி நாலு மாதம். மனைவியின் அண்ணன் ஊரிலேயே பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மாப்பிள்ளை, சும்மா உக்காந்திருக்கார்" என்று முதலாளியிடம் சொல்லி அவர்தான் சேர்த்துவிட்டார். துணி மடிக்கிற வேலை. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், வாடா போடா என்று பேசிக்கொண்டார்கள். மச்சானுக்கு இடதுகைப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் முழங்கைகள் இடிக்கும், சிரிப்பார்கள்.

ஒருநாள் கறை எடுக்கிறவர் வரவில்லை. வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு, மார்பில் ஒரு எண்ணெய்ப் பொட்டு, மறுநாளே வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருந்தது. இளரத்தம் சும்மா இருக்குமா? மடிக்கிற கை ஈரத்துணியை எடுத்துப் பொட்டின் நடுமண்டையில் ஒரு ஒற்று ஒற்றியது. மதியத்துக்குள் காய்ந்துவிட்டது. பொட்டு போகவில்லை. அதைச் சுற்றி, ஒரு நாணயத்தின் அளவுக்கு, பழுப்பாக ஒரு வட்டம். காலையில் முதலாளி காலில் விழுந்துவிடலாம் என்று கோட்டை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

காலையில் கோட்டில் இரண்டு வட்டம் இருந்தது. உள்ளே நாணயம், வெளியே சாசர் அளவு. வெளிவட்டம் வட்டமாகக்கூட இல்லை. கோழிமுட்டை மாதிரி, இடப்பக்கம் கீழே ஒரு வால் இழுத்துக்கொண்டு.

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். கூடமே சுற்றி நின்றது.

"எத்தனை தடவை தொட்டே?"

"ஒரு தடவைதான் முதலாளி."

"ஒரு வட்டம் போட்டிருந்தா தெரியாதவன்னு விட்டிருப்பேன். அதைக் கண்ணால பார்த்துட்டு மேலயே இன்னொரு தடவை தண்ணி ஊத்தியிருக்கே பாரு, உனக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு மேல பொய் வேற. போ."

இஸ்திரி போடுகிறவர்களில் ஒருவர், "ரெட்டை வட்டம்டா!" என்றார். கூடமே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை, துணிக்குவியலுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு தப்புதானே மாப்ளே" என்றார். அன்றிலிருந்து பெரியவர் அவரை வாடா போடா என்று பேசியதில்லை. "வாங்க, உக்காருங்க, போங்க." சிலரை நாம் மரியாதை கொடுத்தே வாசலுக்கு வெளியில் நிறுத்திவிடலாம். நாற்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் நிறுத்தினார்.

வீட்டில் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஒண்ணோ ரெண்டோ, ஈரம் வெச்சது உங்க கைதானே?" பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசாததுதான் பெரிய அடி. தன்னோடு படுக்கிறவளே தன் கணக்கை நம்பவில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது.

வேலையில்லாமல் ஒற்றை அறையில் கிடந்த அந்த நாட்களில்தான் வாளி வந்தது. நிரம்பிய வாளியின் விளிம்பில் துண்டைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். ஒரு நுனி தண்ணீருக்குள், மறுநுனி வெளியே தரையைத் தொட்டுக்கொண்டு. காலையில் பாய் நனைந்திருந்தது, வாளியில் பாதித் தண்ணீர் இல்லை. வாளி ஓட்டை என்று மனைவி திட்டினாள். அவர் வாளியைத் தலைக்குமேல் தூக்கி வெயிலில் பார்த்தார். ஓட்டை இல்லை. துண்டு குடித்திருக்கிறது! நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருக்கிற மயிரிழைச் சந்தில் தண்ணீர் தானாகவே மேலே ஏறி, விளிம்பைத் தாண்டி, மறுபக்கம் இறங்கியிருக்கிறது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை.

அன்று முழுக்கத் துணிக்கீற்றுகளை மைத்தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தார். நெருக்கமாக நெய்த துணியில் உயர ஏறியது, தொளதொளவென்று இருந்ததில் சோம்பேறி மாதிரிப் பாதியிலேயே நின்றது. நின்ற இடத்தில் காய்ந்தபோது, சுமந்துவந்த மையை எல்லையில் கோடாகப் போட்டுவிட்டுப் போயிற்று. அன்று பொட்டின் நடுவில் தண்ணீர் வைத்த முட்டாள்தனம் அப்போது புரிந்தது. நடுவில் வைத்தால் அது அழுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும். ஓடி முடித்த இடத்தில் வட்டம் போடும். வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும், அடியில் காய்ந்த துணி வைத்து அழுக்கைக் கீழே குடிக்க வைக்க வேண்டும். இதைத்தான் அந்தப் பட்டதாரி நாலு வருஷம் படித்தாராம்.

ஒரு பெட்டியோடு வீடுவீடாகப் போய்க் கறை எடுத்தார். ஒரு கடை மூன்றாயிற்று. அடுத்த தெருவின் சலவைக்கடைக்காரர்கள் தங்களால் முடியாததை வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியே அவரிடம் கொண்டுவந்தார்கள். எல்லாம் வந்தது. அந்த முட்டை வடிவம் மட்டும் பிடிபடவில்லை. முதலில் அது துணியின் நெசவால் வந்தது என்று நினைத்தார். கம்பளி, பட்டு, பருத்தி, எல்லாவற்றிலும் தண்ணீர் வைத்துப் பார்த்தார். வட்டம் வந்தது, நீள்வட்டம் வந்தது. அந்த வால் மட்டும் வரவே இல்லை.

அந்த அவமானத்தில் பிறந்ததுதான் கடையின் சட்டம். எந்தத் துணி வந்தாலும் மேசைக்குப் போகும்முன் கறையை எண்ண வேண்டும். எத்தனை கறை, எத்தனை வட்டம் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுத வேண்டும், கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். எழுதுவது மனைவியின் வேலை. "என்னம்மா, வீட்டுப் பத்திரமா எழுதறீங்க?" என்று கேட்கிறவர்களுக்கு, "கையெழுத்துப் போடலேன்னா துணியைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்று உள்ளிருந்து பதில் வரும்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு மச்சான் ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பெரிய சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் வரைக்கும் உயர்ந்து, ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு வாங்கிக்கொண்டு ஓய்வுபெற்றவர். நாற்பது வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்ததற்கு ஒரு கடிகாரம்! அதுவும் ஆறே மாதத்தில் நின்றுவிட்டதாகக் கேள்வி.

"வாங்க மச்சான். உக்காருங்க."

"உக்கார நேரமில்லை மாப்ளே. நாளைக்கு எங்க கூடத்துக்கு அறுபதாம் வருஷ விழா. மேடையில என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. இந்தக் கோட்டுதான் போட்டுக்கணும். முந்தாநாள் சூப் சிந்திடுச்சு."

"உங்க கூடத்துல இல்லாத ஆளா? அங்கேயே குடுக்கறதுதானே?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "அங்க கொண்டுபோனா சிரிப்பாங்க மாப்ளே."

"ஓஹோ. இங்க சிரிக்க மாட்டோமா?"

கடையின் இஸ்திரிக்காரர் பக்கத்திலிருந்து ஒரு செருமல் வந்தது. மனைவி, "அண்ணன் பாவம், சும்மா இருங்க" என்றாள்.

பெரியவர் கோட்டை வாங்கி விளக்குக்குக் கீழே விரித்தார். வெளிர்மஞ்சள் கம்பளி. மார்பில் ஒரு பொட்டு. பொட்டைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு வெளியே இன்னொன்று. கோழிமுட்டை மாதிரி. இடப்பக்கம் கீழே வால்.

கையிலிருந்த எலும்புக் கத்தி மேசைமேல் விழுந்தது. அதை எடுக்காமலே கேட்டார்.

"எத்தனை தடவை தொட்டீங்க?"

"ஒரு தடவைதான் மாப்ளே."

அந்த வார்த்தையை இந்த உலகத்தில் இதற்குமுன் ஒருவர்தான் அந்தக் குரலில் சொல்லியிருந்தார். அது பெரியவரேதான். ஆனால் அன்று அவர் சொன்னது உண்மை.

"எப்படித் தொட்டீங்க? காட்டுங்க."

பெரியவர் ஒரு கம்பளித் துண்டை எடுத்து, நடுவில் ஒரு சொட்டுப் பழைய எண்ணெயைத் தடவி, தண்ணீர்க் கிண்ணத்தோடு மச்சானுக்கு முன்னால் வைத்தார். மச்சான் தங்கையைப் பார்த்தார், இஸ்திரிக்காரரைப் பார்த்தார். பிறகு ஒரு துணியை நனைத்து, சோப்பில் தொட்டு, இடதுகையால் நடுவில் வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றி, கீழே இடப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். வேலை முடிந்த திருப்தியில் கையை உதறினார்.

"எல்லாரும் கிட்ட வாங்க" என்றார் பெரியவர். "நீயும் வா" என்றார் மனைவியிடம்.

தண்ணீர் முதலில் எண்ணெய்மேல் மணியாக நின்றது. சோப்பு கலந்ததும் மணி உடைந்து உள்ளே இறங்கியது. பிறகு நடக்க ஆரம்பித்தது. நூல் நூலாக, அவசரமே இல்லாமல், யாருக்கும் பயப்படாமல். இழுத்த பக்கம் ஏற்கனவே ஈரம் என்பதால் அங்கே மட்டும் சற்று முந்தி ஓடியது. பெரியவர் நீராவிக் குழலைத் தொடவில்லை. மின்விசிறியை மட்டும் திருப்பிவிட்டார். கால்மணி நேரம் ஓடியது. ஓரம் காயக் காய, பழுப்பாக ஒரு கோடு எழுந்தது. கோழிமுட்டை. வாலோடு.

மனைவி கோட்டைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள். அண்ணனுடைய இடதுகையைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோட்டை அவள் பார்த்ததில்லை. ஆனால் அந்த வடிவத்தைப் புருஷன் நூறு தடவை தாளில் வரைந்து, வரைந்து, கசக்கிப் போட்டதைப் பெருக்கி அள்ளியவள் அவள்தான்.

"அண்ணா," என்றாள். "அன்னிக்கு சாயங்காலம் நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தே?"

மச்சானின் முகம் பிழிந்த துணி மாதிரி ஆயிற்று.

"உதவிதாம்மா பண்ணப் பார்த்தேன். இவர் போட்ட வட்டத்தை முதலாளி பார்க்கறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னுதான் தொட்டேன். அது பெரிசாயிடுச்சு. சொன்னா என் வேலையும் போயிருக்கும். ரெண்டு பேரும் வீட்ல உக்காந்திருப்போம். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு..."

"நாப்பத்திரெண்டு வருஷமா?"

"ஒரு வகையில நல்லதுதானே ஆச்சு?" மச்சானுக்கு அசட்டுத் தைரியம் வந்துவிட்டது. "அன்னிக்கு அந்த வட்டம் பெரிசாகலேன்னா இவர் இன்னிக்கு முதலாளி ஆகியிருப்பாரா? யோசிச்சுப் பாரு!"

பெரியவர் நாற்பத்திரண்டு வருஷமாகப் பூட்டி வைத்திருந்த வார்த்தையை வெளியே எடுத்தார்.

"டேய்." இஸ்திரிக்காரர் திரும்பிப் பார்த்தார். "குழியில தள்ளிட்டு, நீந்தக் கத்துக் குடுத்தேன்னு சொல்லாதே. அந்த வாளி என்னுது. அந்தத் துண்டு என்னுது. நடந்து தேஞ்ச காலு என்னுது. உன்னுதுன்னு சொல்ல அந்தக் கோட்டுல ஒரு வட்டம்தான் இருந்துச்சு. அதையும் என் தலையில எழுதிட்டு ஒளிஞ்சுக்கிட்டே. சோப்பை எங்க தொடணும்னுகூடத் தெரியாதவன், நாப்பது வருஷம் அங்க மேற்பார்வையாம்! நாளைக்கு மேடையில என்னடா பேசப்போறே?"

மச்சான் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். "முடியாதுன்னா சொல்லிடு மாப்ளே. நான் போறேன்."

"யாரு முடியாதுன்னா? என் மேசைக்கு வந்த துணி கறையோட வெளியே போனதா சரித்திரம் கிடையாது. உன்னுதா இருந்தா மட்டும் என்ன? துணி என்ன பாவம் பண்ணுச்சு? சட்டப்படி சீட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வை."

"எனக்கேவா சீட்டு? குடும்பத்துக்குள்ளயா?"

மனைவி ஏற்கனவே சீட்டுக்கட்டை இழுத்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். அவள் அப்படிப் படித்து யாரும் கேட்டதில்லை.

"கோட்டு ஒண்ணு. கறை ஒண்ணு. வட்டம் ரெண்டு." நிறுத்தினாள். பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. மேலும் எழுதினாள். "பழைய கோட்டில், வெளிவட்டம், அண்ணனுடையது." சீட்டை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள். "போடுண்ணா."

மச்சான் இடதுகையால் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் உள்ளங்கை அதன்மேல் பட்டு, கையெழுத்துக்கும் ஒரு வால் வந்தது. இடதுகைக்காரர்களுக்கு இது ஒரு சாபம். அவர்கள் செய்ததை அவர்கள் கையே அடையாளம் காட்டிவிடும்.

அதன்பிறகு பெரியவர் செய்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கோட்டுக்குள் காய்ந்த வெள்ளைத் துணியை மடித்து வைத்தார். முட்டையின் வெளி ஓரத்திலிருந்து தூரிகை நுனியால், பல்லி நடப்பது போல, உள்ளே உள்ளே வந்தார். அடித்துணி பழுப்பானதும் மாற்றினார். ஐந்து முறை மாற்றினார். பொட்டு கரைந்து கீழே இறங்கியது. கடைசியில் ஈரத்துக்கு நடுவில் எங்கும் எல்லையே இருக்கக் கூடாதென்று கோட்டின் மார்புப்பகுதி முழுவதையும், தையல் வரைக்கும், லேசாக நனைத்தார். நின்று கோடு போட இடம் கிடைக்காத தண்ணீர் தையலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. நீராவியும் காற்றும் கொடுத்துக் காயவைத்தார். முக்கால் மணி நேரம். கோட்டு நேற்றுத்தான் தைத்தது போல இருந்தது.

மச்சான் விளக்கின் கீழே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போய்ட்டு வரேன்" என்றார்.

"போ" என்றார் பெரியவர். "போங்க" இல்லை.

அவர் போனதும் மனைவி சீட்டின் பாதியைக் கிழித்து, கறைமேசைக்கு நேர் எதிரே சுவரில் ஒட்டினாள். ஒட்டிவிட்டு, முகத்தைத் திருப்பாமலே, "ஒரு தடவைதான் தொட்டீங்க" என்றாள். கேள்வியாகச் சொல்லவில்லை.

இஸ்திரிக்காரருக்கு நாக்கு அரித்தது. "அப்ப, ஐயா, இனிமே உங்க பேரையே மாத்திடலாமா? வட்டமே இல்லைன்னு சொல்லிடலாமா?"

பெரியவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே அவரை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை நாள் அந்தப் பெயர் தன் காதில் விழுந்ததே இல்லை என்று நினைத்தானா இந்த மடையன்?

"ஏன் இல்லாம? ஒண்ணு நான் போட்டதுதானே? அதை எவனுக்கும் தூக்கிக் குடுக்க மாட்டேன். பின்னால பேசறவங்கிட்டப் போய்ச் சொல்லு. 'ஒத்தை வட்டம்'. இனிமே சரியா எண்ணிப் பேசச் சொல்லு."